412-பி வீட்டுக்காரர்கள்

வெர்லின் ஸ்டக்கி முப்பத்தெட்டு வருஷம் தபால் போட்டவர். ஹார்ப்ஸ்டர் கிராஸிங்குக்குத் தெற்கே மூன்றாம் நம்பர் தடம் முழுக்க அவருடைய ராஜ்ஜியம்: ரோட்டோரம் நானூற்றுப் பதினொரு வீட்டுத் தபால் பெட்டி, அறுபத்திரண்டு மைல், வாரத்துக்கு ஆறு நாள். பனி கொட்டட்டும், ஓடை உடைத்துக்கொண்டு வரட்டும், பதினொன்று இருபதுக்குத் தன் சொந்த வீட்டுப் பெட்டியில் தன் கையாலேயே தபாலைப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மனைவிக்கு ஒரு ஹாரன்கூட அடிக்காமல் போய்விடுவார். வேலை நேரத்தில் குடும்பம் என்ன குடும்பம் என்பார். அப்படி ஒரு மனுஷன்.

அவர் போன டிசம்பரில் ஓய்வு பெற்றார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? ஜனவரியில் சமையலறையில் இருந்த பீன்ஸ் டப்பாக்களுக்கெல்லாம் வீட்டு நம்பர் போல நம்பர் போட்டு ஒட்டினார். பிப்ரவரியில் மனைவி லவோண்டாவின் துணிகளைத் தெருவாரியாகப் பிரித்தார். குளிர்காலச் சட்டை எங்கே என்று அவள் கேட்டால், "கிழக்கு வரிசை, மூணாவது" என்பார். மார்ச் முதல் வாரத்தில் லவோண்டா கதவைச் சாத்திக்கொண்டு ட்வைலா கிண்டிக்குப் போன் போட்டாள்.

"ட்வைலா, உன் பறவைச் சங்கத்துக்கு ஆள் வேணும்னியே, இங்க ஒண்ணு இருக்கு. எப்ப வேணா வந்து எடுத்துக்கோ. திருப்பித் தரணும்னு அவசியமில்ல."

ட்வைலா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு முறைப்பு முறைத்தே அடக்கிவிடுவாள். மாவட்ட நீலக்குருவிச் சங்கத்தின் தலைவியும் அவளே. மறுநாளே ஒரு மரப்பெட்டி, இரும்புக் கம்பம், பாம்பு ஏறாமல் இருக்கத் தகரக் குழாய், பன்னிரண்டு பக்கக் கையேடு எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வீட்டின் முன்னால், ரோட்டோரம், எதிரே வைக்கோல் வயல் விரிந்து கிடக்கும் இடமாகப் பார்த்துக் கம்பத்தை அடித்து நட்டாள்.

"இங்க பாருங்க வெர்லின். இது சங்கத்துப் பெட்டி, உங்களுக்கு ஒரு வருஷக் கடன். வாரத்துக்கு ஒரு தடவை மெல்லத் தட்டிட்டு, கதவைத் திறந்து பாக்கணும், எழுதணும், மூடணும். குஞ்சு பொரிச்சு பதிமூணு நாள் ஆச்சுன்னா அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் திறக்கக் கூடாது. திறந்தா பயந்து குதிச்சிடும். பறக்கத் தெரியாது. அக்கம்பக்கத்துப் பூனைக்கெல்லாம் விருந்து. புரிஞ்சுதா?"

"நான் பாக்காத பெட்டியா?" என்றார் வெர்லின்.

அங்கேதான் வந்தது வினை. அவள் பஸ் திரும்புவதற்குள் மனுஷன் கறுப்புப் பெயின்டை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் 412-பி என்று எழுதிவிட்டார். வீட்டு நம்பர் 412. விலாசம் இல்லாமல் ஒரு பெட்டி ரோட்டோரம் நிற்பதை அவருடைய கண் பொறுக்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ஜோடி வந்தது. ஆண், பளபளவென்று நீலக் கோட்டும் செங்கல் நிற மார்புமாக மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பெண் நிறம் கொஞ்சம் மங்கல், வேலையெல்லாம் அதனுடையது. நாலு நாள் காய்ந்த புல்லை ஒவ்வொரு இழையாகக் கொண்டுவந்து அழகாகக் கூடு கட்டி முடித்தது. ஐந்தாம் நாள் வெர்லின் கதவைத் திறந்தார். உள்ளே புல். அவர் யோசிக்கவே இல்லை, கை யோசித்தது. முப்பத்தெட்டு வருஷமாகத் தபால் பெட்டிக்குள் குருவி திணித்து வைக்கும் புல்லை வாரி வெளியே போட்டுப் போட்டுப் பழகிய கை அது. ஒரே வாரல், மொத்தக் கூடும் தரையில். பெட்டியைத் துடைத்து, மூடி, திருப்தியாக இரண்டு அடி நடந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தானே போன் போட்டு ட்வைலாவிடம் சொன்னார். அவள் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது எந்தக் குற்றம்னு தெரியுமா? மத்திய அரசு சட்டப்படி குற்றம், வெர்லின்!"

ஊரில் யாருடைய பையனாவது அடுத்தவர் தபால் பெட்டியைத் தட்டிவிட்டுப் போனால், வண்டியை நிறுத்தி இதே வார்த்தையை இதே குரலில் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இவர்தான். குனிந்து, கீழே கிடந்த புல்லைப் பொறுக்கினார்.

"இது ஒண்ணாவது தப்பு. ரெண்டாவது தப்பு ஆச்சு, நானே வந்து கம்பத்தோட புடுங்கிட்டுப் போயிடுவேன். முட்டை வெச்சு, பொரிச்சு, அத்தனையும் உயிரோட பறந்து போச்சுன்னா அடுத்த வருஷமும் பெட்டி உங்களுது. இல்லைன்னா போய்ப் பீன்ஸ் டப்பா அடுக்குங்க."

குருவிகளுக்கு வெர்லின் மேல் கோபம் இல்லை போலிருக்கிறது. மறுபடியும் கட்டின. ஐந்து முட்டை, நாளுக்கு ஒன்றாக, வெளிர் நீலத்தில். வெர்லின் பெட்டியைத் தட்டுவார், "தபால்!" என்று குரல் கொடுப்பார், கதவைத் திறப்பார். வாரத்துக்கு ஒரு தடவை என்றுதான் ட்வைலா சொல்லியிருந்தாள். அவர் ஆறு தடவை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கவில்லை, லீவு. பெண் குருவிக்கு இந்தக் குரல் பழகிப்போய், "தபால்!" என்றால் தானாக எழுந்து கம்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். லவோண்டா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "எனக்குக் கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம், என்னை ஒரு நாளும் இப்படிக் கூப்பிட்டதில்ல" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை ஐந்தும் பொரிந்தன. தோலும் வாயுமாக ஐந்து ஜந்துக்கள். வெர்லின் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஹாம் துண்டை முள்கரண்டியில் குத்தியபடியே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றாள் லவோண்டா.

"ஒண்ணுமில்ல. முப்பத்தெட்டு வருஷம். எத்தனை கல்யாணப் பத்திரிகை, பட்டாளத்துலேருந்து எத்தனை லெட்டர், காலேஜ்ல சீட் கெடச்ச கவர் எத்தனை! ஒண்ணையாவது யாராவது பிரிக்கும்போது நான் பாத்திருக்கேனா? போட்டேன், மூடினேன், அடுத்த பெட்டி. ஒரு மூஞ்சியும் பாத்ததில்ல. இந்த அஞ்சு கிளம்பிப் போறதையாவது நின்னு பாத்துடணும் லவோண்டா. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

"நின்னு பாரு, யார் வேணாம்னா? ஹாமை வாயில போடு."

இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்று நினைத்துவிடாதீர்கள். குருவிக் கணக்கு எழுதும் நோட்டில் மனுஷன் இன்னொரு கணக்கும் வைத்திருந்தார்.

அவருடைய தடத்துக்குக் கேலீன் ஆல்ட் என்று இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். மூன்று மாதச் சோதனைக் காலம். வலது பக்க ஜன்னலைத் திறந்துபோட்ட பழைய காரில், தட்டுத் தட்டாகத் தபாலை அடுக்கிக்கொண்டு, தலையில் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருவாள். பதினொன்று இருபதுக்கு வரவேண்டியவள் பதினொன்று முப்பத்தெட்டுக்கு வருவாள், பதினொன்று நாற்பத்தாறுக்கு வருவாள். வெர்லின் திரைக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவார். நாற்பது நாள் எழுதியாகிவிட்டது. முதல் பக்கத்தில் குருவி, கடைசிப் பக்கத்திலிருந்து கேலீன்.

"அந்தப் பொண்ணு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று லவோண்டா கேட்டால், "நான் ஒண்ணும் பண்ணலையே, நேரத்தைத்தானே எழுதறேன்" என்பார். வயிற்றெரிச்சலுக்கு வேறு பெயர் வைத்தால் வயிற்றெரிச்சல் இல்லாமல் போய்விடுமா?

பதிமூன்றாம் நாள் ஞாயிறு. பதினாலாம் நாள் திங்கள் காலையில் வெர்லின் இரண்டு காரியம் செய்தார். நாற்பது நாள் கணக்கையும் பிரதியெடுத்து, போஸ்ட்மாஸ்டர் டெல்மர் ரவுஷுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கவரில் போட்டு, தன் தபால் பெட்டியில் வைத்து, எடுத்துக்கொண்டு போகச் சொல்லும் சிவப்புக் கொடியை உயர்த்தினார். அது முதல் காரியம். இனிமேல் திறக்கக் கூடாது என்று நினைவு வைத்துக்கொள்ளக் குருவிப் பெட்டியில் சிவப்பு ரிப்பன் கட்டு என்று கையேட்டில் போட்டிருந்தது. ரிப்பன் எதற்கு? கொட்டகையில் பழைய தபால் பெட்டிக் கொடி ஒன்று கிடந்தது. அதைத் திருகாணி போட்டு முடுக்கி, விறைப்பாக நிமிர்த்தி வைத்தார். அது இரண்டாம் காரியம்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் கேலீன் வந்தாள். 412-இல் கொடி. கவரை எடுத்தாள், கொடியைத் தாழ்த்தினாள். இருபது அடி தள்ளி 412-பி. அதிலும் கொடி.

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். எங்கள் தடத்தில் தபால் பெட்டிகள் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று தெரியாதவர்கள்தான் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதுவும் பெட்டிதான். டிராக்டர் இருக்கிறது, பால் கேன் இருக்கிறது. வாலைத் தூக்கினால் பின்பக்கம் திறக்கும் பன்றி ஒன்று இருக்கிறது, அதற்குள் சர்ச்சுப் பத்திரிகையை வைக்கவேண்டும். இதற்கெல்லாம் பழகிய பெண், குருவிக்கூடு மாதிரி ஒரு பெட்டியைப் பார்த்து எதற்காக ஆச்சரியப்படப் போகிறாள்? ஸ்டக்கி வீட்டுக்கு வாடகைக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். காரை நகர்த்தினாள். இறங்கினாள். கதவைத் திறந்தாள்.

வெர்லின் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தார். பேனா கீழே விழுந்தது. "ஐயோ! ஐயய்யோ! திறக்காதே!" என்று கத்திக்கொண்டு ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக ஓடினார்.

அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. முதல் குஞ்சு கேலீனின் மூக்கில் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவது அவள் தொப்பிமேல் உட்கார்ந்தது. மூன்றாவது காருக்கு அடியில் போனது. நான்காவது வெர்லினை நோக்கியே தத்தித் தத்தி ஓடிவந்தது, அவர் "தபால்" என்று கத்தியிருந்தால் நின்றிருக்குமோ என்னவோ. கேலீன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வீல் என்று அலறினாள்.

"அசையாதே! தலையில ஒண்ணு இருக்கு!"

"தலையிலயா? எடுங்க மிஸ்டர் ஸ்டக்கி, எடுங்க!"

"காலைத் தூக்காதே! கீழ ஒண்ணு இருக்கு!"

"அப்ப நான் எங்கதான் நிக்கறது?"

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. அறுபத்து மூன்று வயது மனுஷனும் இருபத்து நாலு வயதுப் பெண்ணும் பள்ளத்துச் சேற்றில் நாலு காலில் தவழ்ந்தார்கள். தொப்பியில் இருந்ததை வெர்லின் எடுத்தார், பள்ளத்தில் இருந்ததைக் கேலீன் பிடித்தாள், காருக்கடியில் போனதை லவோண்டா துடைப்பத்தோடு வந்து தள்ளிவிட்டாள், ஓடிவந்தது தானாகவே அவர் கைக்குள் வந்தது. நாலையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். உடனே ஒன்று வாசல் துளையில் தலையை நீட்டியது. வெர்லின் காலில் இருந்த ஒற்றைச் சாக்ஸைக் கழற்றிச் சுருட்டித் துளையில் அடைத்தார். கையேடு மூன்றாம் பக்கம்: துணியால் அடை, அமைதியாகும்வரை ஒரு மணி நேரம் பொறு. அது எந்த மாதிரித் துணி என்று கையேடு சொல்லவில்லை.

"அஞ்சாவது எங்க?" என்றார்.

தேடினார்கள். பள்ளம், புதர், வேலி, டயர், லவோண்டாவின் ஏப்ரன் பை. இல்லை. ஆண் குருவி கம்பியில் உட்கார்ந்து, வாயில் புழுவோடு இவர்களைத் திட்டிக்கொண்டிருந்தது. கேலீன் அழுதே விட்டாள்.

"எனக்குத் தெரியாது மிஸ்டர் ஸ்டக்கி. சத்தியமா பெட்டின்னு நெனச்சேன். நம்பர் போட்டிருந்துச்சு. கொடி இருந்துச்சு."

"ஓட்டை இருந்துச்சே!"

"பன்றிக்கும்தான் இருக்கு!"

வெர்லின் முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டு எழுந்தார். பன்னிரண்டு மணிக்கு அவளைப் போகச் சொன்னார். தபால் காத்திருக்கக் கூடாது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். அவர் மட்டும் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு, ஒரு காலில் ஒன்றுமில்லாமல், அந்தப் பள்ளத்தோரம் உட்கார்ந்திருந்தார். அத்தனையும் உயிரோடு என்று ட்வைலா சொல்லியிருந்தாள். பெட்டி போய்விடும். பெட்டிகூடப் போகட்டும், அந்தச் சின்னது எந்தப் பூனை வாயில் இருக்கிறதோ என்று நினைத்து, மறுபடி புதருக்குள் கையை விட்டுத் துழாவினார்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கேலீனின் கார் வந்தது. போன திசையிலிருந்து, எதிர்த்திசையில். தபால் வண்டி பின்னால் திரும்பாது. வெர்லின் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தரமும் திரும்பியதில்லை, பல் வலி தாங்காமல் ஒரு பக்கம் வீங்கியபோதுகூட. பழக்க தோஷம், கடிகாரத்தைப் பார்த்து நோட்டை எடுத்து, "12:52, தலைகீழாக வருகிறாள்" என்று எழுதிக்கொண்டுதான் எழுந்தார்.

அவள் இரண்டு கையிலும் தொப்பியை ஏந்திக்கொண்டு இறங்கினாள். அதற்குள் ஐந்தாவது இருந்தது.

"ஜன்னல் வழியா தட்டுக்குள்ள விழுந்திருக்கு. மீன் பெட்டிகிட்ட லெட்டரை எடுக்கக் கையை விட்டா, மெத்துன்னு இருக்கு. ரெண்டு வீட்டு கரன்ட் பில்லுமேல அசிங்கம் பண்ணிவெச்சிருக்கு."

"மீன் பெட்டியா? அது நாலு மைலாச்சே! அங்கேருந்தா திரும்பி வந்த?"

"பின்ன? உங்க குஞ்சை மீன் வாயிலயா போடுறது?"

சாக்ஸைக் கொஞ்சம் நகர்த்தி, கதவை ஒரு விரற்கடை திறந்து, ஐந்தாவதை உள்ளே தள்ளினார். கதவை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் காலையில் செய்த முதல் காரியம் அவர் ஞாபகத்துக்கு வந்தது. முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது.

"கேலீன், காலையில என் பெட்டியிலேருந்து ஒரு வெள்ளைக் கவர் எடுத்தியே. டெல்மருக்கு. அதைத் திருப்பிக் கொடும்மா."

"எடுத்த தபாலை ரோட்டுல வெச்சு யார்கிட்டயும் திருப்பித் தரக் கூடாது, மிஸ்டர் ஸ்டக்கி."

"என் லெட்டர்தானே!"

"கூடாது. டிரெய்னிங்ல உங்களைத்தான் உதாரணம் சொன்னாங்க. நிச்சயத்தை முறிச்சு லெட்டர் போட்ட ஒருத்தர் மனசு மாறி உங்க வண்டி முன்னாடியே படுத்துக்கிட்டாராமே, நீங்க தரலையாமே."

தரவில்லைதான். அவனைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டும் வந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான்.

"ஏன், பர்த்டே கார்டா?" என்று கேட்டாள் அவள். வெர்லின் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு ஸ்கூல் பஸ் வந்து நின்றது. ட்வைலா கதவைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ஒத்தைக் காலு வெறுங்காலா இருக்கு. என்ன நடந்தது?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அறுபது பிள்ளைகளும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டார்கள். ட்வைலா இறங்கிவந்து, துளையில் சாக்ஸ் இல்லாததைப் பார்த்தாள், ஆண் குருவி புழுவோடு உள்ளே போய் வெறும் வாயோடு வருவதைப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள்.

"சாக்ஸ் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி வரைக்கும்."

"துவைச்சதா?"

வெர்லின் வெறுங்காலைச் செருப்புக் காலுக்குப் பின்னால் ஒளித்தார்.

"பாவம் குஞ்சுங்க. சரி, அஞ்சும் இருக்கு. இனிமே அதுங்க சமர்த்து. அனேகமா வெள்ளிக்கிழமை காலையில வெயில் ஏறினதும் கிளம்பும். ஏழு, ஏழரை, எட்டுக்குள்ள. எல்லாம் ஒரு கண்சிமிட்டுல முடிஞ்சிடும், நாற்காலியைப் போட்டு உக்காந்தாத்தான் பாக்க முடியும். அஞ்சும் போச்சுன்னா பெட்டி உங்களுது. அந்தக் கொடியை முதல்ல கழட்டுங்க!"

கொடியைக் கழற்றிய கையோடு டெல்மருக்குப் போன் போட்டார்.

"டெல்மர், ஒரு லெட்டர் வரும். அதைப் பிரிக்காம கிழிச்சுப் போட்டுடு."

"பிரிச்சாச்சு, சீல் வெச்சாச்சு. நாப்பது நாளா? உனக்கு வேற வேலையே இல்லையாடா? இன்னைக்கு வேற ஒன்றரை மணி நேரம் லேட்டுன்னு பன்னெண்டு பேரு போன் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமையோட அந்தப் பொண்ணுக்குச் சோதனைக் காலம் முடியுது. காலையில ஏழரைக்கு நேர்ல வந்து சொல்லு. வரலைன்னா நீ எழுதினதுதான் கணக்கு. அனுப்பிட வேண்டியதுதான்."

"வெள்ளிக்கிழமை ஏழரையா? வேற நாள் கிடையாதா?"

"ஏன், உனக்கென்ன ஆபீஸா?"

வியாழக்கிழமை விடியற்காலையிலிருந்து வெர்லின் நாற்காலியைப் போட்டுப் பெட்டி எதிரே உட்கார்ந்தார். துளையில் ஒரு குஞ்சு முகத்தை வைத்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கிளம்புங்கடா ராஜா. இன்னைக்கே கிளம்பிடுங்க. நாளைக்கு எனக்கு வேலை இருக்கு" என்று கெஞ்சினார். குஞ்சு கொட்டாவி விட்டது. கேலீன் பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்து, கடிதங்களைக் கொடுத்துவிட்டு, "இன்னும் போகலையா?" என்று அவரோடு ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது. டெல்மர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கிளம்பவில்லை.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஏழு மணிக்கு இரண்டு குஞ்சு ஒரே துளையில் முட்டிக்கொண்டு நின்றன, தாய் கம்பியில் இருந்து வா வா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வெர்லின் நாற்காலியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். போகாமல் இருந்துவிட்டால் என்ன, பிறகு ஒரு கடிதம் போட்டுக்கொள்ளலாம் என்று மனசு ஒரு நிமிஷம் சொல்லத்தான் செய்தது. கதவைத் திறந்து வண்டியில் ஏறி, கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தபால் ஆபீஸின் பின் அறையில், வெர்லின் கையோடு கொண்டுவந்திருந்த நோட்டை வாங்கி டெல்மர் புரட்டினார். கேலீன் சுவரோரம் தொப்பியை நேராகப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"திங்கட்கிழமை. அது என்னடா, 12:52, தலைகீழா?"

"அந்தத் தாமதம் என்னுது. என் பெயின்ட், என் கொடி, என் குருவி. அதை என் பேருல எழுதிக்கோ."

"சரி. மத்த நாப்பது நாளு? பதினெட்டு நிமிஷம், இருபத்தாறு நிமிஷம்? நீ ஒரு நாளும் லேட்டா போனதில்லைன்னு எழுதியிருக்கியே. மொத வருஷத்துலயும் போனதில்லையா?"

வெர்லின் கூரையைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாக ஒருத்தரிடமும், கல்யாணத்துக்கு அப்புறம் லவோண்டாவிடம்கூட, சொல்லாத விஷயம் அவர் தொண்டைக்கு வந்துவிட்டது.

"மொத மாசம், எர்ப் வீட்டு வளைவுல, வெள்ளைப் பெயின்ட் அடிச்சு ஒரு பெட்டி இருந்துச்சு. மூடியைத் தூக்கிட்டு விதைக் கம்பெனி புத்தகத்தைப் போட்டேன்."

"எர்ப் வீட்டு வளைவுல ஏது பெட்டி? அங்க அவரோட தேனீ..." டெல்மர் நிறுத்தினார். கண்ணை இடுக்கினார். எழுந்தே நின்றுவிட்டார். "அடப்பாவி! அம்மைக்கட்டுன்னு சொல்லி ரெண்டு வாரம் லீவு போட்டியே! மூஞ்சி பூசணிக்காயாட்டம்! உன் தடத்தையும் சேத்து நான்தானேடா ரெண்டு வாரம் ஓட்டினேன்! என் வீட்டுல சூப் வேற செஞ்சு அனுப்பினாங்க!"

"நல்ல சூப்."

கேலீன் முதலில் சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கழற்றிக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. டெல்மரும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுடைய காகிதத்தில் நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டார். பிறகும் நிறுத்தவில்லை, பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, தேனீப் பெட்டிக் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். கேலீன்தான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ஸ்டக்கி, உங்க குருவி! ஓடுங்க!" என்று அவரை முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள்.

வீட்டுக்கு வந்தபோது எட்டே முக்கால். அவருடைய நாற்காலியில் லவோண்டா உட்கார்ந்திருந்தாள், ராத்திரி உடுப்போடு, குடிக்காத காபியோடு. பெட்டியின் துளை கறுப்பாக, காலியாக இருந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அஞ்சுமா?"

"அஞ்சும். நல்லாத்தான் பறந்துச்சு, ஒண்ணு மட்டும் வேலியில முட்டிக்கிட்டு அப்புறம் போச்சு."

"எத்தனை மணிக்கு? எந்த வரிசையில?"

"நான் என்ன கடிகாரமா? ஒண்ணு குதிச்சது, அப்புறம் இன்னொண்ணு. இதுல என்ன தெருவாரியா வரிசை?" லவோண்டா காபிக் கோப்பையைக் கையில் சுற்றினாள். "நாலு சட்டுனு போயிடுச்சு. கடைசிக் குஞ்சுதான் வாசல்லயே உக்காந்து இந்த நாற்காலியையே பாத்துக்கிட்டிருந்துச்சு. அப்பன் கூப்பிடுறான், ஆத்தா கூப்பிடுறா, அசையவே இல்ல. கால் மணி நேரம். கடைசியில நான்தான் கிட்டப் போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"'அந்த மனுஷன் வேலையா போயிருக்காரு, வர நேரமாகும், நீ கிளம்பு'ன்னேன். கிளம்பிடுச்சு."

வெர்லினுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமலேயே, "மறுபடி சொல்லு, மொத குஞ்சுலேருந்து" என்று புல்தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். லவோண்டா ஆறிப்போன காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.